மலாக்கா நீரிணையின் கடல்நீரிலும் கடலடிப் படிவுகளிலும் பெட்ரோலிய மாசு

1997ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் இரவு சிங்கப்பூர் நீரிணையில் எவோய்க்கோஸ், ஒராப்பின் குளோபல் என்னும் இரு எண்ணெய்க் கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒராப்பின் குளோபல் சரக்கின்றி வந்துகொண்டிருந்தது. எவோய்க்கோஸ் ஏறத்தாழ 130,000 டன் கனரக எரியெண்ணெயைச் சுமந்து வந்தது; அதிலிருந்து சுமார் 28,500 டன் கடலில் கலந்தது. சிங்கப்பூரின் வரலாற்றில் இதனினும் பெரிய எண்ணெய்க் கசிவு நிகழ்ந்ததில்லை. முதலில் அருகிலுள்ள தீவுகளில் ஒதுங்கிய எண்ணெயின் ஒரு பகுதி நீரோட்டத்தோடு வடமேற்கே நகர்ந்து, இரண்டு திங்கள் கழித்து, டிசம்பரின் இறுதியில் சிலாங்கூர்க் கடற்கரையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நீளத்திற்கு ஆங்காங்கே கரையேறியது.

அந்த 28,500 டன் எண்ணெய் இன்று எங்கே இருக்கிறது என்று வினவினால், துப்புரவு செய்துவிட்டார்கள் என்றோ கடல் கரைத்துக்கொண்டது என்றோதான் பெரும்பாலோர் விடை கூறுவர். இரு விடைகளிலும் ஓரளவே உண்மை உண்டு. எண்ணெய்க் கசிவு என்றதும் சாய்ந்த கப்பலும் கறுத்த மணலும் இறகுகள் ஒட்டிக்கொண்ட பறவையுமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. நாளிதழ்களும் இக்காட்சிகளையே தருகின்றன. கண்ணுக்குப் புலனாகும் எண்ணெய் சில வாரங்களில் மறைந்துவிடுகிறது. அதில் எஞ்சியது கடலடிச் சேற்றில் பல்லாண்டுகள் தங்கிவிடுகிறது. அச்சேற்றை ஆராய்ந்தவர்கள் மற்றோர் உண்மையையும் கண்டுள்ளனர். தீபகற்ப மலேசியாவின் ஆற்று முகத்துவாரங்களிலும் கரையோரத்திலும் படிந்துள்ள பெட்ரோலியத்தின் முதன்மையான மூலங்களுள் ஒன்று நாம் நாள்தோறும் ஓட்டும் வாகனங்களே என்பது அவ்வுண்மை. இவை எவ்வாறு அறியப்பட்டன என்பதை வேதியியல் பயிலாத வாசகருக்கும் விளங்கும் வகையில் எடுத்துரைக்க இக்கட்டுரை முற்படுகிறது.

சொற்கள் குறித்துச் சில

பெட்ரோலியம் என்னும் சொல் பாறை, எண்ணெய் எனப் பொருள்படும் இரு சொற்களின் கூட்டாகும். இதனை அடியொற்றியே கல், நெய் என்பன புணர்ந்த கன்னெய் என்னும் தமிழாக்கம் எழுந்தது. எள்ளின் நெய் எண்ணெயானது போலவே கல்லின் நெய் கன்னெயாயிற்று, ஆக்கம் அழகியதே. ஆயின் அதனைச் சிலர் பெட்ரோலுக்கும் சிலர் பெட்ரோலியத்திற்கும் ஆள்வதால் மயக்கம் நேர்கிறது. கட்டுரையில் இவ்விரண்டையும் வேறுபடுத்தியே ஆகவேண்டியிருப்பதால், பெட்ரோலியம் என்னும் வழக்கையே நாம் மேற்கொள்கிறோம். அவ்வாறே, கடலின் அடியில் தங்கும் மணல், களிமண், உயிரினச் சிதைவு ஆகிய அனைத்தையும் படிவு என்று குறிக்கிறோம். வண்டல் என்பது ஆறு கொணர்ந்த மண்ணை மட்டுமே சுட்டும். நம் மேற்குக் கரையில் படிவின் பெரும்பகுதி அவ்வண்டலே என்பது வேறு செய்தி.

மிதக்கும் எண்ணெய் அடியில் படிவது எவ்வாறு?

மாணவர் எவரும் எழுப்பக்கூடிய வினா இது. எண்ணெய் நீரினும் இலேசானது. அடுக்களையிலேயே இதனைக் காண்கிறோம். கச்சா எண்ணெயின் அடர்த்தி பெரும்பாலும் 0.8 முதல் 0.95 வரையும், கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.02 ஆகவும் இருக்கும். அவ்வாறாயின் அது மிதந்துகொண்டேதானே இருக்கவேண்டும்?

பெட்ரோலியம் ஒற்றைப் பொருள் அன்று. பல்லாயிரம் சேர்மங்களின் கலவை. கடலில் கொட்டிய முதல் நாளிலிருந்தே இக்கலவை பிரியத் தொடங்குகிறது. இலேசான சேர்மங்கள் ஆவியாகின்றன. இலேசான கச்சா எண்ணெயாயின் கொட்டிய அளவில் பாதிக்கும் மேல் சில நாள்களில் காற்றில் கலந்துவிடக்கூடும். எவோய்க்கோஸ் சுமந்தது போன்ற கனரக எரியெண்ணெயிலோ பத்தில் ஒரு பங்குகூட ஆவியாவதரிது. சிறு பகுதி நீரில் கரைகிறது. எஞ்சியது அலையால் கடையப்பட்டு, நீரைத் தன்னுள் வாங்கி, பழுப்பு நிறக் குழம்பாகிறது. இக்குழம்பின் கனஅளவு முதலில் கொட்டிய எண்ணெயைப்போல் நான்கைந்து மடங்குவரை பெருகக்கூடும். 400 டன் எண்ணெய் சிந்தியது என்று செய்தி வந்தபின், துப்புரவுப் பணியாளர் அதனினும் மிகுதியான கழிவை அள்ளுவதில் வியப்பில்லை.

இலேசானவை நீங்க நீங்க எஞ்சியது கனமாகிக்கொண்டே வருகிறது. இந்நிலையில் அதனோடு சிறிதளவு மணலோ களிமண்ணோ ஒட்டினாலே நீரினும் அடர்த்தி மிக்கதாகி மூழ்கும். திறந்த பெருங்கடலில் இத்தகைய மண் துகள்கள் அரிது. மலாக்கா நீரிணையின் கரையோரமோ கலங்கிய நீரால் ஆனது. கிள்ளான், சிலாங்கூர், பேராக் முதலிய ஆறுகள் மழைதோறும் கொணரும் நுண்களிமண் அங்கு எப்போதும் மிதந்துகொண்டிருக்கிறது. நீரில் கரைய விரும்பாத எண்ணெய்ச் சேர்மங்கள் அக்களிமண் துகள்களையும் அவற்றின் மேல் படர்ந்த கரிமப் பொருள்களையும் விரைந்து பற்றிக்கொள்கின்றன. நுண்மிதவை உயிர்களும் தம் பங்கைச் செய்கின்றன. அவை எண்ணெய்த் துளிகளை இரையென விழுங்கி, கழிவுருண்டைகளாக வெளியேற்ற, அவ்வுருண்டைகள் அடியை நோக்கி இறங்குகின்றன.

எண்ணெய்ச் சிதறடிப்பான்களைப் பற்றியும் இங்கே ஒரு சொல் கூறவேண்டும். 1997இலும் இவை தெளிக்கப்பட்டன, 2024இலும் தெளிக்கப்பட்டன. இவை எண்ணெய்ப் படலத்தை நுண்துளிகளாக உடைத்து நீரினுள் கலக்கச் செய்கின்றன. பறவைகளுக்கும் கடற்கரைக்கும் இதனால் நன்மை உண்டு. நுண்ணுயிர்கள் துளிகளைச் சிதைப்பதும் எளிதாகிறது. ஆயினும் சிதறடிப்பான் எண்ணெயைக் கடலிலிருந்து அகற்றுவதில்லை; அதன் இடத்தை மாற்றுகிறது. ஆழம் குறைந்த, கலங்கிய கரையோரத்தில் அந்த இடமாற்றம் படிவை நோக்கியதாகவும் அமையலாம். எனவேதான் ஆழமற்ற நீரிலும் பவளப்பாறைகளின் அருகிலும் அவற்றைத் தெளிப்பதில் வல்லுநர்கள் தயக்கம் காட்டுகின்றனர்.

சேற்றின் நினைவு

கடல்நீரில் உள்ள எண்ணெயைக் கதிரொளியும் நுண்ணுயிர்களும் சிதைக்கின்றன. நம் வெப்பமண்டலக் கடலில் இச்சிதைவு குளிர்க்கடலைவிட விரைவானது. அதனால் வெப்பநாடுகளில் எண்ணெய் மாசு தானே தீர்ந்துவிடும் என்னும் கருத்து பரவலாக உண்டு. நீரைப் பொறுத்தவரை இக்கருத்தில் நியாயம் இருக்கிறது. சேற்றைப் பொறுத்தவரை அது பொருந்தாது. ஹைட்ரோகார்பன்களைச் சிதைக்கும் நுண்ணுயிர்களுக்கு உயிர்வளி தேவை. கண்டல் காட்டுச் சேற்றிலும் முகத்துவாரச் சேற்றிலும் மேற்பரப்பின் சில மில்லிமீட்டர் ஆழத்திற்கு மேல் உயிர்வளி இல்லை. அதற்குக் கீழே புதைந்த எண்ணெய் ஏறத்தாழப் பாதுகாப்பாக வைக்கப்பட்டதே ஆகும். நண்டு வளைகள் வழியே எண்ணெய் ஆழத்திற்கு இறங்குகிறது; அலையும் நண்டும் தூர்வாரும் எந்திரமும் சேற்றைக் கிளறும்போது மீண்டும் மேலெழுகிறது.

இதற்கு நன்கு அறியப்பட்ட சான்று அமெரிக்காவின் மாசாசுசெட்சு மாநிலத்தில் உள்ளது. 1969ஆம் ஆண்டு செப்டம்பரில் புளோரிடா என்னும் எண்ணெய்ப் படகு மேற்கு ஃபால்மவுத் கரையருகே தரைதட்டி, ஏறத்தாழ 7 லட்சம் லிட்டர் டீசல் வகை எரியெண்ணெயைச் சிந்தியது. முப்பதாண்டுகள் கழித்து அங்குள்ள உப்புச் சதுப்பில் துளையிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள், 6 முதல் 28 சென்டிமீட்டர் ஆழத்தில் அவ்வெண்ணெய் இன்னும் இருக்கக் கண்டனர். பின்னர் செய்த ஆய்வில், அங்குள்ள நண்டுகள் எண்ணெய்ப் படுகையை எட்டியதும் வளை தோண்டுவதை நிறுத்திப் பக்கவாட்டில் திரும்புவதும் தெரியவந்தது. மேலே பசும்புல் வளர்ந்திருந்தது. பார்ப்பவர்க்கு அச்சதுப்பு முற்றும் நலமுற்றதாகவே தோன்றியிருக்கும்.

சேறு எண்ணெயை வைத்திருப்பதால் தீங்கு நீடிக்கிறது என்பது ஒருபுறம். அதே காரணத்தால் அச்சேறு ஓர் ஆவணமாகவும் ஆகிறது என்பதே ஆய்வாளர்க்குப் பெரிதும் உதவும் செய்தி. கடல்நீரை இன்று காலையில் அளந்தால் இன்று காலையின் நிலை தெரியும். ஓதம் மாறினால் அளவும் மாறும். படிவோ ஆண்டுக்கணக்கில் சேர்ந்ததைக் காட்டுகிறது. இடையூறின்றிப் படிந்த இடமாயின், குழாயை இறக்கி எடுத்த நீள்மாதிரியை அடுக்கடுக்காக வெட்டி, ஒவ்வோர் அடுக்கின் வயதையும் கதிரியக்க ஈயமான ஈயம்-210 கொண்டு கணிக்கலாம். அதன் அரைவாழ்வு ஏறத்தாழ 22 ஆண்டுகள். நூறாண்டுக் காலக் கணக்கிற்கு அது தகுந்த அளவுகோல்.

எந்த எண்ணெய் என்று அறிவது எப்படி?

அளவீடுகளைப் படிப்போர் இங்கே எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். சுற்றுச்சூழல் அறிக்கைகளில் ‘எண்ணெயும் கொழுப்பும்’ என்னும் தலைப்பில் ஓர் எண் கொடுக்கப்படுவதுண்டு. நீர் மாதிரியைக் கரைப்பானில் குலுக்கி, கரைந்து வந்ததை நிறுத்துப் பெறும் எண் அது. கரைப்பானில் கரையக்கூடிய எதுவும் அதில் சேரும். பெட்ரோலியமும் சேரும், உணவகத்துச் சமையலெண்ணெயும் சேரும், செம்பனை ஆலையின் கழிவும் சேரும். செம்பனை எண்ணெயில் முன்னணியில் நிற்கும் ஒரு நாட்டில் இந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு பெட்ரோலிய மாசு மிகுந்தது, குறைந்தது என்று முடிவு கூறுவது பொருந்தாது என்பது நம் கருத்து. புறஊதா ஒளியைப் பாய்ச்சி, அதனால் விளையும் ஒளிர்வை அளக்கும் முறை சற்றுத் துல்லியமானது. அதுவும் மொத்த அளவையே தரும், மூலத்தைச் சொல்லாது.

மூலத்தை அறியச் சேர்மங்களைத் தனித்தனியே பிரித்தல் வேண்டும். வாயு நிறப்பிரிகைக் கருவியும் அதனோடு இணைந்த நிறை நிறமாலைமானியும் இதற்கு உதவுகின்றன. அவற்றின் துணையால் கேட்கப்படும் வினாக்கள் எளியவையே.

இது பெட்ரோலியமா, இலைகளின் மெழுகா என்பது முதல் வினா. தாவர இலைகளின் மேற்பூச்சான மெழுகிலும் ஹைட்ரோகார்பன்கள் உண்டு. ஆனால் உயிருள்ள தாவரம் கரிம அணுக்களை இரண்டிரண்டாகக் கோத்துச் சங்கிலி அமைப்பதால், 27, 29, 31 என ஒற்றைப்படை நீளமுள்ளவையே அதில் மிகுந்திருக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகள் நிலத்தடியில் வெந்த பெட்ரோலியத்தில் இவ்வொற்றைப்படைச் சார்பு அழிந்து, ஒற்றையும் இரட்டையும் ஏறத்தாழச் சமமாகிவிடும். கண்டல் காடுகள் நிறைந்த கரையில் இவ்வேறுபாட்டைப் பார்க்காமல் மொத்த அளவை மட்டும் கூறினால், இலைச்சருகையும் மாசென்று எண்ண நேரும்.

இது எரியாத எண்ணெயா, எரிந்ததன் புகையா என்பது இரண்டாவது. பல்வளைய நறுமண ஹைட்ரோகார்பன்கள் எனப்படும் சேர்மங்கள் பெட்ரோலியத்திலும் உண்டு. விறகு, நிலக்கரி, எரிபொருள் ஆகியன எரியும் புகையிலும் உண்டு. புற்றுநோய் விளைப்பதென உறுதிசெய்யப்பட்ட பென்சோ பைரீன் இவற்றுள் ஒன்று. உயர்ந்த வெப்பத்தில் எரியும்போது கிளையற்ற மூலச் சேர்மங்களே மிகுதியாகத் தோன்றும். குறைந்த வெப்பத்தில் நெடுங்காலம் உருவான பெட்ரோலியத்திலோ பக்கக்கிளை தாங்கிய சேர்மங்கள் மிகும். ஆகவே பினாந்திரீன் என்னும் சேர்மத்தோடு, மெத்தில் கிளை தாங்கிய அதன் உறவுச் சேர்மங்களை ஒப்பிட்டு ஒரு விகிதம் காண்கின்றனர். விகிதம் ஒன்றுக்குக் கீழாயின் புகை என்றும், அதனினும் மிகும்தோறும் எரியாத எண்ணெய் என்றும் கொள்கின்றனர்.

மூன்றாவது வினாவே சுவையானது: இந்த எண்ணெய் எந்த நாட்டுக் கிணற்றிலிருந்து வந்தது? இதற்கு விடை கூறுவன ஹோப்பேன்கள். பண்டைய நுண்ணுயிர்களின் உயிரணுச் சவ்வில் இருந்த பொருள்களின் எச்சம் இவை. வெயிலுக்கும் நுண்ணுயிர்க்கும் எளிதில் அசையாதவை. ஆகையால் எண்ணெயின் பிற பகுதிகள் அழிந்தபின்னும் இவை நிற்கும். எண்ணெய் வயலுக்கேற்ப இவற்றின் விகிதம் மாறுவதால் கைரேகைபோல் பயன்படுகின்றன. தென்கிழக்காசியக் கச்சா எண்ணெயில் ஒலியனேன் என்னும் மற்றொரு சேர்மமும் காணப்படும். அது பூக்கும் தாவரங்களின் எச்சம். பூக்கும் தாவரங்கள் பரவுவதற்கு முன்னரே உருவான பாறைகளிலிருந்து வரும் மத்தியக் கிழக்கு எண்ணெயில் அது காணப்படுவதில்லை. ஹோப்பேன் என்னும் பெயரின் வரலாறும் நமக்கு அயலானதன்று. ஹோப்பியா என்னும் மரவினத்தின் குங்கிலியப் பிசினிலிருந்து இக்குடும்பச் சேர்மம் முதலில் பிரித்தெடுக்கப்பட்டதால் அப்பெயர் அமைந்தது. அம்மரவினம் நம் மலேசியக் காடுகளில் வளர்வது.

நம் கரைச் சேறு கூறியது

மலேசியப் புத்ரா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த முகமட் பௌசி சக்காரியாவும் தோக்கியோ வேளாண்மை தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஹிடேஷிகே தக்காடாவும் தம் குழுவினரோடு இம்முறைகளை மலேசியக் கரையில் கையாண்டனர். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்களின் ஆய்வு, கடற்கரையில் ஒதுங்கும் தார் உருண்டைகளையும் படிவையும் மட்டிகளையும் நோக்கியது. தார் உருண்டைகளில் மத்தியக் கிழக்கு எண்ணெயும் தென்கிழக்காசிய எண்ணெயும் கலந்திருந்தன. கப்பற்போக்குவரத்து மிகுந்த நீரிணையில் இது எதிர்பார்க்கத்தக்கதே. படிவிலோ மத்தியக் கிழக்கு எண்ணெயின் கைரேகையே மேலோங்கி நின்றது. தாங்கிக் கப்பல்கள் கசியவிடும் கச்சா எண்ணெயே அதற்குக் காரணம் என்று அத்துடன் முடித்திருக்கலாம். மலேசிய வாகனங்களுக்கான மசகு எண்ணெயும் மத்தியக் கிழக்கு எண்ணெயிலிருந்து வடிக்கப்படுவதே என்பதை அவர்கள் கருத்தில் கொண்டனர்.

2002இல் வெளியான அடுத்த ஆய்வு இவ்வினாவை மேலும் தொடர்ந்தது. ஆறுகளிலிருந்தும் கரையோரத்திலிருந்தும் எடுத்த 29 படிவு மாதிரிகளை அவர்கள் ஆராய்ந்தனர். பல்வளைய நறுமணச் சேர்மங்களின் மொத்த அளவு ஒரு கிராம் படிவுக்கு 4 முதல் 924 நானோகிராம் வரை இருந்தது. உலகின் பெருந்துறைமுகங்கள் சிலவற்றோடு ஒப்பிட்டால் இவ்வளவு பெரிதன்று. வியப்பு அளவில் இல்லை, தன்மையில் இருந்தது. மேலே கூறிய விகிதம் 26 மாதிரிகளில் ஒன்றுக்கு மேலாகவும், நகர்ப்புற ஆறுகளைச் சார்ந்த ஏழு மாதிரிகளில் மூன்றுக்கு மேலாகவும் இருந்தது. தொழில்வளம் மிக்க நாடுகளின் படிவுகளில் புகைவழி வந்த சேர்மங்களே மிகுந்திருக்க, இங்கே எரியாத எண்ணெய் மிகுந்திருந்தது.

இன்னொரு முரணும் தென்பட்டது. எரியாத எண்ணெயின் அறிகுறி மிகுந்த இடங்களிலேயே, எரிதலால் விளையும் பென்சோ பைரீனும் மிகுந்திருந்தது. எரிந்ததும் எரியாததும் ஒருங்கே கூடிய பொருள் யாது? பயன்படுத்திய இயந்திர எண்ணெயே அது. புதிய மசகு எண்ணெய் நன்கு சுத்திகரிக்கப்பட்டது. அதில் இத்தகைய கனச்சேர்மங்கள் குறைவு. இயந்திரத்துள் எரிபொருள் எரிய எரிய, அதன் விளைபொருள்கள் மசகு எண்ணெயில் சேர்ந்துகொண்டே வருகின்றன. மலாய்ப் பேச்சுவழக்கில் இதனை ‘மிஞ்ஞாக் ஹீத்தாம்’, அதாவது கறுப்பெண்ணெய், என்பர். பயன்படுத்தியபின் அப்பெயர் முற்றும் பொருந்திவிடுகிறது. ஹோப்பேன்களும் இதனையே உறுதிப்படுத்தின. ஹோப்பேன்கள் உயர்ந்த கொதிநிலை உடையவை என்பதால் பெட்ரோல், டீசல் ஆகியவற்றில் தங்குவதில்லை. மசகு எண்ணெயில் தங்கும்.

இவ்வெண்ணெய் கடலை அடையும் வழிகள் இரண்டென அவ்வாய்வு கூறுகிறது. பட்டறைகளிலும் பிற இடங்களிலும் கழிவெண்ணெயைச் சிந்துதலும் கொட்டுதலும் ஒன்று. வாகனங்களிலிருந்து சாலையில் சொட்டிய எண்ணெய் மழைநீரோடு வடிகாலுக்குச் செல்வது மற்றொன்று. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பொழியும் கிள்ளான் பள்ளத்தாக்கில் இரண்டாவது வழி எவ்வளவு விரைவானது என்பதை அங்கு வாழ்வோர் அறிவர். அரைமணி நேர மழையில் வாகன நிறுத்துமிடத்தின் கறைகள் வானவில் நிறத்தோடு வடிகாலில் இறங்குகின்றன. வடிகால் ஆற்றிற்கும், ஆறு முகத்துவாரத்திற்கும் செல்கிறது. இடையில் அவ்வெண்ணெயைத் தடுப்பது பெரும்பாலும் ஏதுமில்லை.

மலேசியாவின் 2005ஆம் ஆண்டுக் குறிக்கப்பட்ட கழிவுகள் ஒழுங்குவிதிகளில் பயன்படுத்திய மசகு எண்ணெய்க்கு எஸ்டபிள்யூ 305 என்னும் தனிக்குறியீடே உண்டு. உரிமம் பெற்றோரிடம் அது ஒப்படைக்கப்படவேண்டும். பீப்பாயில் சேர்த்த கழிவெண்ணெய்க்குச் சந்தையும் விலையும் இருப்பதால் பெரிய பட்டறைகள் அதனைச் சேர்த்து வைக்கக் காரணம் உண்டு. வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் மாற்றும் ஒருவரிடம் எஞ்சும் ஒரு லிட்டருக்கு அவ்வாறு யாரும் விலை கொடுப்பதில்லை. சாலையில் சொட்டியதற்கோ உரிமையாளரே இல்லை. சட்டத்தால் பிடிக்க இயலாத மாசு இது.

சேற்றில் வாழ்வன

மீன்கள் இச்சேர்மங்களை ஈரலில் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் உடையவை. மட்டி, சிப்பி முதலிய இரட்டை ஓட்டு உயிர்களுக்கு அவ்வாற்றல் மிகக் குறைவு. நாள் முழுவதும் நீரை வடிகட்டி உண்ணும் அவற்றின் உடலில் எண்ணெய்ச் சேர்மங்கள் சேர்கின்றன. கடலின் நலத்தை மட்டிகளைக் கொண்டு கண்காணிக்கும் திட்டத்தை 1975இல் எட்வர்ட் கோல்ட்பெர்க் முன்மொழிந்ததற்கு இப்பண்பே அடிப்படை. நம் கரையில் இது வெறும் ஆய்வுச் செய்தி அன்று. பேராக், சிலாங்கூர் மாநிலங்களின் சேற்றுத்திட்டுகள் கெராங் எனப்படும் மட்டி வளர்க்கப்படும் இடங்கள். இரவு உணவங்காடிகளின் பொரித்த குவேதியாவில் நாம் உண்ணும் கெராங் அச்சேற்றில் புதைந்தே வளர்கிறது.

பெரிய உயிர்கள் இறந்து ஒதுங்குவதையே நாம் எண்ணிப் பார்க்கிறோம். மிகச் சிறிய அளவிலும் தீங்கு நேர்வது முட்டைகளுக்கும் இளவுயிர்களுக்கும்தான். எக்சான் வால்டெஸ் கப்பல் 1989இல் அலாஸ்காவில் சிந்திய எண்ணெயை அடுத்து மேற்கொண்ட ஆய்வுகள், பல்வளைய நறுமணச் சேர்மங்கள் மீன் கருக்களின் இதய வளர்ச்சியைப் பழுதாக்குவதைக் காட்டின. வெப்பமண்டலத்தில் வேறோர் இடரும் உண்டு. இச்சேர்மங்களுட் சில புறஊதாக் கதிர்பட்டால் பன்மடங்கு நஞ்சாகின்றன. ஒளி ஊடுருவும் மெல்லுடல் கொண்ட இளவுயிர்கள் நம் நண்பகல் வெயிலில் இவ்வாறு பாதிப்புறுகின்றன.

கப்பல்கள்

இதுகாறும் கூறியவற்றால் கப்பல்களுக்குப் பழி இல்லை என்று கொள்ளலாகாது. 1975 சனவரியில் சிங்கப்பூர் நீரிணையில் தரைதட்டிய ஷோவா மாரு, 1992 செப்டம்பரில் நீரிணையின் வடவாயிலில் ஓஷன் பிளெசிங் கப்பலோடு மோதித் தீப்பற்றிய நாகசாகி ஸ்பிரிட், 2000 அக்டோபரில் தரைதட்டி ஏறத்தாழ 7,000 டன் சிந்திய நத்துனா சீ, 2010 மே மாதம் மற்றொரு கப்பலோடு மோதிய புங்கா கெலானா 3 எனப் பட்டியல் நீளும். ஆண்டுக்கு 80,000க்கும் மேற்பட்ட கப்பல்கள் கடக்கும் இந்நீரிணையின் மிகக் குறுகிய பகுதி 3 கிலோமீட்டருக்கும் குறைவான அகலமே உடையது. ஷோவா மாருவுக்குப் பின் மூன்று கரைநாடுகளும் கூடிப் போக்குவரத்துப் பிரிப்பு முறையை வகுத்தன. 1981இல் அது நடைமுறைக்கு வந்தது. பின்னர் இரட்டைச் சுவர்க் கப்பல்களும் கட்டாயமாயின. உலகளவில் 700 டன்னுக்கு மேற்பட்ட தாங்கிக் கப்பல் கசிவுகள் 1970களில் ஆண்டுக்குச் சராசரியாக 24 நிகழ்ந்தன. 2010களில் அது 2க்கும் குறைந்தது. அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றம் 2003இல் மதிப்பிட்டவாறு, உலகக் கடல்களில் ஆண்டுதோறும் சேரும் பெட்ரோலியம் சுமார் 13 லட்சம் டன். அதில் 6 லட்சம் டன் கடலடி இயற்கை ஊற்றுகளிலிருந்து வருவது. வாகனம், படகு, சாலை ஓட்டம் முதலிய பயன்பாட்டால் வருவது 4.8 லட்சம் டன்; போக்குவரத்தால் வருவது 1.5 லட்சம் டன். 2022இல் வெளிவந்த அடுத்த அறிக்கை, வட அமெரிக்க நீர்ப்பரப்பிற்கு நிலத்திலிருந்து வரும் அளவை முந்தைய மதிப்பைப்போல் 20 மடங்குவரை உயர்த்தியது. சக்காரியாவும் தக்காடாவும் நம் ஆற்றுச் சேற்றில் கண்டதை இது வேறொரு கண்டத்தில் நினைவூட்டுகிறது.

2024 சூன் 14ஆம் நாள் பாசிர் பாஞ்சாங் முனையத்தில் வோக்ஸ் மாக்சிமா என்னும் தூர்வாரும் கப்பல், நின்றிருந்த மரைன் ஆனர் என்னும் எரியெண்ணெய்க் கலத்தின்மீது மோதியது. சுமார் 400 டன் கந்தகம் குறைந்த எரியெண்ணெய் கசிந்து, செந்தோசா, லாப்ரடோர், தென்தீவுகள், ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை ஆகிய இடங்களில் படிந்தது. மணலைத் துப்புரவு செய்யப் பல வாரங்கள் ஆயின. எவோய்க்கோசோடு ஒப்பிட எழுபதில் ஒரு பங்கே ஆன இக்கசிவு, பவளமும் கண்டலும் எஞ்சியுள்ள சில இடங்களுக்கு மிக அண்மையில் நிகழ்ந்தது.

இத்தகைய நிகழ்வுக்குப்பின் படிவில் எண்ணெய் இருக்கிறதா என்று கேட்பது போதாது. நம் கரைப் படிவில் அது எப்போதும் இருக்கிறது. முன்பு இருந்தது எவ்வளவு, புதிதாகச் சேர்ந்தது எவ்வளவு, அது அந்தக் கப்பலினுடையதுதானா என்றே கேட்கவேண்டும். இழப்பீடு கோருவோர்க்கும் இவ்வேறுபாடே அடிப்படை. பனாமாவின் கரீபியக் கரையில் 1986 ஏப்ரலில் சேமிப்புத் தொட்டி ஒன்று உடைந்து 80 லட்சம் லிட்டருக்கும் மேற்பட்ட கச்சா எண்ணெய் கண்டல் காட்டிலும் பவளத்திலும் பரவியபோது, அங்கிருந்த சுமித்சோனியன் வெப்பமண்டல ஆய்வு நிறுவனத்தின் கலேத்தா ஆய்வகம் அதற்கு முன்பே பல்லாண்டுகளாக அவ்விடத்தின் உயிர்களை எண்ணி வந்திருந்தது. கண்டல் சேற்றிலிருந்து எண்ணெய் ஆண்டுக்கணக்கில் மீண்டும் மீண்டும் கசிந்ததையும் உயிர்களின் இழப்பையும் ஆய்வாளர்கள் உறுதியாகக் கூற முடிந்தது அம்முன்பதிவால்தான். மலாக்கா நீரிணைக்கு அத்தகைய முன்பதிவாக உள்ளவற்றுள் 2002இல் வெளியான அந்த 29 மாதிரிகளின் அளவீடுகளும் அடங்கும்.